யூஜிசிக்கு மகஜர் எழுத முதல்: கம்பஸ் அனுமதி விசயத்தில சங்கத்துக்காகக் கதைக்கப் போறவங்களுக்கு

தொழில் வழிகாட்டல் ரீச்சர்மார் சங்கத்தில உங்கட பேரை 'கொள்கை விசயங்களுக்குப் பொறுப்பு' எண்டு மினிட்ஸில எழுதிட்டாங்க, சரி, மறுகா என்ன? கனபேர் செய்யுறது ஒண்டுதான். கம்பஸ் அனுமதிக்கான கட் ஓஃப் (வெட்டுப்புள்ளி) வெளிவந்த கையோட 'எமது மாவட்டத்துக்கு அநீதி' எண்டு தலைப்புப் போட்டு ரெண்டு பக்கம் எழுதி, ஒரு எம்பிட கையில குடுத்து போட்டோ எடுத்து பேஸ்புக்கில போடுறது. லைக் வரும், வேற ஒண்டும் வராது, ஏனெண்டா அந்தக் கடிதத்துக்கு ஓம் சொல்லுற அதிகாரம் உள்ள ஆள் அதை வாசிக்கவே இல்ல.

அதால முதல் வேலை, எந்த முடிவை ஆர் எடுக்கிறது எண்டு பிரிச்சு எழுதுறது. ரிசல்ட், மீள்பரிசீலனை எல்லாம் பரீட்சைத் திணைக்களம். கம்பஸுக்கு ஆளைத் தெரிவு செய்யுறது யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, 1978 ஆம் ஆண்டு 16 ஆம் இலக்க பல்கலைக்கழகச் சட்டத்தில இருக்கிற அதிகாரம் அது. எந்தக் கம்பஸ் எத்தனை பேரை எடுக்கும் எண்டதை யூஜிசி அந்தந்தக் கம்பஸோட கதைச்சுத்தான் தீர்மானிக்கும். உளச்சார்புப் பரீட்சை (அந்தக் கோர்ஸுக்குப் புள்ளை பொருத்தமா எண்டு பாக்கிற அப்டிரியூட் டெஸ்ட்) வச்சு எடுக்கிற கோர்ஸ் எண்டா பரீட்சைய நடத்துறது கம்பஸ். உங்கட மாகாணப் பாடசாலையில வழிகாட்டல் ரீச்சர் இல்லையெண்டா அதுக்குக் கொழும்புக்கு எழுதி வேலையில்ல, வலயக் கல்விப் பணிமனைக்குப் போங்க. இந்த ஒரு பக்கத் தாள் உங்கட பைலில முதலாவதா இருக்கோணும்.

அடுத்தது கோட்டா. இதிலதான் எல்லாருக்கும் சூடு ஏறுது. மாவட்ட கோட்டா இருக்கிற கோர்ஸுகளுக்கு 40 வீதம் அகில இலங்கை மெரிட், 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 வீதம் பின்தங்கினதா எடுத்த 16 மாவட்டத்துக்கு மேலதிகமா. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்த 16க்குள்ள வருது. ஆர்ட்ஸில பெரும்பாலும் அகில இலங்கை மெரிட்தான், அதை மறந்து ஆர்ட்ஸ் புள்ளையளுக்கும் 'மாவட்டத்துக்கு அநீதி' எண்டு எழுதினா யூஜிசியில முதல் பந்தியோட மூடி வச்சிருவாங்க.

ஆனா உண்மையான பிரச்சினை வெளியில இல்ல, சங்கத்துக்குள்ளதான். கோட்டா மாவட்டத்துக்கு மட்டும்தான், அதுக்குள்ள பிரிவில்ல. அதால மட்டக்களப்பில வெல்லாவெளி மாதிரிக் கிராமப் பக்கத்தில பௌதீகவியலுக்கு நிரந்தர ரீச்சர் இல்லாமப் படிச்ச புள்ளையும், டவுனில மூண்டு ரியூசன் போற புள்ளையும் ஒரே கியூ. படுவான்கரையில (வாவிக்கு மேற்குப் பக்கம்) இருந்து வாற ஒரு சேர் கூட்டத்தில இதைக் கேட்டா எழுவான்கரை (டவுன் இருக்கிற கிழக்குப் பக்கம்) பெரிய ஸ்கூல் ஆக்கள் பேசாம இருப்பாங்க, அல்லது டீ வந்திட்டு எண்டு எழும்புவாங்க. அம்பாறையில இன்னும் சிக்கல், ஒரே மாவட்டக் கோட்டாக்குள்ள கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவிலோட அம்பாறையும் தெஹியத்தகண்டியும் வருது, கரையோரத்து ஆக்கள் மட்டும் கையெழுத்து வச்சு அனுப்பினா அது இனப்பிரச்சினைக் கடிதமாத்தான் வாசிக்கப்படும். சிங்கள ஸ்கூல் ரீச்சர்மார் ரெண்டு பேரையாவது தொடக்கத்திலேயே சேருங்க. கூட்டத்தை வெள்ளி மத்தியானம், ஜும்ஆ நேரத்தில, வைக்கவேண்டாம், இதையும் சொல்லவேண்டிக் கிடக்கு. கோட்டா வீதத்தை மாத்துறதைப் பற்றி உங்களுக்குள்ளயே ஒரு முடிவு வராட்டி அதை வெளியில கதைக்காதீங்க, எதிராளி இல்லாமலே தோத்திருவீங்க.

பிறகு எதைக் கேக்கிறது? ஒரே ஒரு விசயம், அதுவும் ஒரு மேசையில இருக்கிற ஆள் செய்யக்கூடிய விசயம். நான் எண்டா உளச்சார்புப் பரீட்சையத்தான் எடுப்பன். மொறட்டுவையில கட்டடக்கலைக்கு அந்தப் பரீட்சை பாஸ் பண்ணோணும். பொத்துவிலில இருந்து ஒரு பொம்புளப் புள்ள அதுக்குப் போறதெண்டா, முதல் நாள் பின்னேரமே துணைக்கு வாப்பாவோடயோ அம்மாவோடயோ வெளிக்கிட்டு ராத்திரி முழுக்க பஸ்ஸில இருந்து, விடிய இறங்கி ஸ்டாண்டில முகம் கழுவிட்டு, அப்பிடியே ஹோலுக்குள்ள போய் பென்சிலப் புடிக்கிறது. மொறட்டுவைக்குப் பக்கத்து ஊர்ப் புள்ள வீட்டில நித்திரை கொண்டு எழும்பி வருது. இதுக்கு வந்தாறுமூலையிலயோ ஒலுவிலிலயோ ஒரு பரீட்சை நிலையம் போடுங்க, ஏலாட்டி பரீட்சைய மத்தியானம் தொடங்குங்க எண்டு கேக்கலாம். கிழக்குப் பல்கலைக்கழகமும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அங்க இருக்கிறபடியா கட்டடம் இல்லையெண்டு சொல்லேலாது. கோட்டாவுக்குக் கை வைக்கவும் தேவையில்ல.

கேக்கிற விசயம் முறையப் பற்றினதா இருந்தா பலம் கூட. 2011 ஏஎல்லில (உயர்தரப் பரீட்சையில) பழைய சிலபஸ், புது சிலபஸ் ரெண்டையும் சேர்த்துப் போட்ட இசட் ஸ்கோர் (கம்பஸ் தெரிவுக்குப் பாவிக்கிற ஒப்பீட்டுப் புள்ளி) 2012 இல உயர் நீதிமன்றத்தில நிக்கேல்ல, வேற வேறயாக் கணக்குப் போடச் சொல்லி வந்திச்சு. அங்க வாதாடினது கணக்குப் போட்ட முறையப் பற்றி, அதுதான் எடுபட்டது.

மறுகா சான்று. உறுப்பினர் ஒவ்வொருத்தரும் தங்கட ஸ்கூலில எத்தனை பேர் தகுதி, எத்தனை பேர் அப்ளை பண்ணினது, எத்தனை பேர் உளச்சார்புப் பரீட்சைக்குப் போகாம விட்டது, ஏன், இவ்வளவும் ஒரு பக்கத்தில எழுதித் தரோணும். புள்ளையளிட பேரும் சுட்டெண்ணும் வேண்டாம், வட்ஸ்அப் குறூப்பில போட்டா அது எங்க போகும் எண்டு தெரியாது. யூஜிசியிட்ட அல்லது கம்பஸிட்ட இருக்கிற எண்ணிக்கைய 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தில கேளுங்க, தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லோணும், இல்லையெண்டா குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுக்கும் சரிவராட்டி ஆணைக்குழு. 'அனைத்து விபரங்களும்' எண்டு கேட்டா ஒண்டும் வராது, எந்த வருசம், எந்தக் கோர்ஸ், எந்த மாவட்டம் எண்டு கேளுங்க.

நேரம் முக்கியம். யூஜிசியிட ஹேண்ட்புக் (அனுமதிக் கைநூல்) வெளிவந்து புள்ளையள் ஒன்லைனில கோர்ஸ் கோட் தெரிவு செய்துகொண்டிருக்கேக்க போய் விதிய மாத்துங்க எண்டா ஆரும் கேக்கமாட்டாங்க, அவங்களுக்கு அப்ப தலைக்கு மேல வேலை. கட் ஓஃப் வந்து ஆரவாரம் அடங்கின பிறகு, அடுத்த ஹேண்ட்புக் எழுத முதல் போங்க. அனுமதிக் குழு ஒண்டைக் கலந்துதான் யூஜிசி தெரிவு செய்யோணும் எண்டு சட்டத்தில இருக்கு, உங்கட கடிதம் அந்தக் குழுவிட நிகழ்ச்சி நிரலில ஏறோணும் எண்டு கடிதத்திலேயே எழுதிக் கேளுங்க. ஒரு பக்கம் காணும், தமிழில ஒண்டு, சிங்களத்தில ஒண்டு, சிங்களத்தை கூகிளில போட்டு எடுக்காம ஆளை வச்சு எழுதுங்க.

அரச ரீச்சர்மார் சொந்தப் பேரில பேப்பருக்கோ யூடியூப்காரருக்கோ கதைக்கவேண்டாம், அரச ஊழியருக்கு தாபன விதிக்கோவை எண்டு விதிப் புத்தகம் இருக்கு. எல்லாம் சங்கத்திட கடிதத் தலைப்பில, தலைவர் செயலாளர் கையெழுத்தோட போகட்டும். எம்பிமாரைத் தேவையில்லையெண்டு சொல்லேல்ல, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில விசயத்தை எடுக்கச் சொல்லுங்க, ஆனா எல்லாக் கட்சிக்கும் அதே கடிதம் ஒரே நாளில போகோணும்.

கொழும்புக்கு மூண்டு பேருக்கு மேல போகாதீங்க, ஒராள் கதைக்க, ஒராள் எழுத, மற்றாள் சிங்களம் தெரிஞ்சவரா இருக்கட்டும். வந்த கிழமையே 'நீங்க இதைச் செய்யுறதாச் சொன்னீங்க' எண்டு நன்றிக் கடிதம் மாதிரி ஒண்டை பதிவுத் தபாலில அனுப்பி, அந்தத் துண்டை பைலில குத்தி வைங்க. அடுத்த வருசம் அந்தக் கதிரையில வேற ஆள் இருப்பார், அவருக்கு முதல் காட்டவேண்டியது அதுதான்.