தாழமுக்கப் படம் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் வானிலைப் பைத்தியம் பிடித்தவர்களின் போனில் விண்டி செயலி மூடுவதே இல்லை. அந்தமானுக்குத் தெற்கே ஒரு தாழமுக்கச் சுழி (காற்றமுக்கம் குறைந்து காற்று சுழலும் இடம்) தெரிந்தால் போதும், வட்ஸ்அப் குழுக்களில் ஸ்கிரீன்ஷொட் பறக்கும். டொரொன்டோவில் இருக்கிற மச்சான்மார் பனிப்புயலுக்காகப் பார்ப்பதும் இதே ஐரோப்பிய மொடலையும் அமெரிக்க மொடலையும்தான் (மொடல் என்பது வானிலையைக் கணினியில் கணக்கிட்டு முன்கூட்டிக் காட்டும் முறை). அவர்கள் விடுகிற பிழைகளும் பெரும்பாலும் இவைதான். அங்கே சென்ரிமீற்றரில் பனி, இங்கே மில்லிமீற்றரில் மழை.

முதலாவது, தூரத்து நாட்களை நம்புவது. அமெரிக்க ஜிஎப்எஸ் மொடல் 16 நாள் வரை படம் தரும். 12ஆவது நாளில் முல்லைத்தீவுக்கு நேரே பெரிய சூறாவளி ஒன்று நிற்கும். ஆறு மணித்தியாலம் கழித்து வரும் அடுத்த ரன்னில் (மொடலின் புதிய கணக்கோட்டத்தில்) அது ஒடிசாப் பக்கம் போயிருக்கும். அதற்கடுத்ததில் சுழியே இருக்காது. இல்லாத புயலைத் தூரத்து நாட்களில் உருவாக்கிக் காட்டுவது அந்த மொடலின் பழைய பழக்கம். ஒரு வாரத்துக்கு அப்பாலான படத்திலிருந்து "அந்த நாட்களில் வங்கக் கடல் குழம்பக்கூடும்" என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இடத்தையும் வேகத்தையும் மழையளவையும் எடுக்கக் கூடாது.

ஒற்றைப் படத்தைப் பார்ப்பதைவிட, தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றிப் பல தடவை ஓடவிடும் கூட்டு எதிர்வுகூறலைப் பாருங்கள். ஐரோப்பிய நிலையம் அப்படி 51 ஓட்டங்களைத் தருகிறது. அவை காட்டும் புயல் பாதைக் கோடுகள் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை வரை விரிந்து கிடந்தால் இன்னும் ஒன்றும் தீர்மானமாகவில்லை என்று அர்த்தம். நாலைந்து நாளுக்கு முன்பே பெரும்பாலானவை திருகோணமலைக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் நெருங்கி வந்தால், அப்போது பேசலாம். இதை விட்டுவிட்டு, எந்த மொடல் கூடுதலாக மழை காட்டுகிறதோ அதையே தேடிப் பிடித்துப் பகிர்பவர்கள் இருக்கிறார்கள். அது எதிர்வுகூறல் இல்லை, ஆசை.

நேரமும் பலரைக் குழப்புகிறது. மொடல்கள் கிரீன்விச் நேரத்தில் ஓடுகின்றன. 00 மணி ரன் என்பது நமக்கு அதிகாலை 5.30. ஐரோப்பிய மொடலின் அந்த ரன் முழுதாக வந்து சேர மதியம் ஆகிவிடும். ஆகவே காலைத் தேத்தண்ணியோடு பார்ப்பது முதல்நாள் மாலை நிலையிலிருந்து ஓடிய கணக்கு. "புதுசு வந்திட்டுது" என்று போடுமுன் எந்த ரன் என்று பாருங்கள். ரன் நேரம் தெரியாத ஸ்கிரீன்ஷொட்டைப் பகிரவே வேண்டாம். போன வருடப் படங்கள்கூட அப்படித்தான் சுற்றுகின்றன.

சின்னச் சின்னப் பிழைகளும் உண்டு. விண்டியில் காற்றின் உயரம் 850 ஹெக்டோபஸ்கலில் (உயரத்தைக் குறிக்கும் காற்றமுக்க அளவு) இருந்தால், நீங்கள் பார்ப்பது சுமார் ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்துக் காற்று. அது கூரைக்கு மேலே அடிக்கப்போகும் வேகம் இல்லை. பத்து நாள் மொத்த மழையை ஒருநாள் மழை என்று சொல்லிப் பயமுறுத்துவதும் ஒவ்வொரு மாரியிலும் நடக்கிறது.

சுன்னாகத்துக்கு 140 மி.மீ., சாவகச்சேரிக்கு 95 மி.மீ. என்று ஊர்வாரியாக எண் வாசிப்பதில் பயனில்லை. மொடல்கள் இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தே கணக்கிடுகின்றன. ஐரோப்பிய மொடலின் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய 9 கி.மீ., அமெரிக்க மொடலுக்கு 13 கி.மீ. யாழ். மாவட்டமோ தீவுகளோடு சேர்த்தே சுமார் 1,000 சதுர கி.மீ. மாவட்டம் முழுவதும் ஒன்றில் ஒரு டசின் கட்டங்களுக்குள்ளும் மற்றதில் ஆறு கட்டங்களுக்குள்ளும் அடங்கிவிடும். மழைப்பட்டை 40 கி.மீ. நகர்ந்தால் எண்கள் எல்லாம் தலைகீழாகும்.

இதையெல்லாம்விடப் பெரிய பிழை, சுழியின் நடுவையும் அதன் பெயரையும் பார்த்துக்கொண்டு மழையைத் தவறவிடுவது. "சூறாவளியாகுமா, எங்கே கரை கடக்கும்" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 2024 நவம்பரில் ஃபெங்கல் புயல் கரை கடந்தது புதுச்சேரிக்கு அருகில், 30ஆம் திகதி இரவு. அது சூறாவளியானதே 29ஆம் திகதிதான். குடாநாட்டில் வெள்ளம் ஏறி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாதிக்கப்பட்டது அதற்கு முன்பே, அது வெறும் ஆழ்ந்த தாழமுக்கமாக (சூறாவளிக்கு முந்தைய நிலை) இலங்கையின் கிழக்குக் கரையோரம் ஊர்ந்துகொண்டிருந்தபோது. 2008இல் நிஷா காரைக்கால் பக்கம் கரை கடந்தது, யாழ்ப்பாணமும் மூழ்கியது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறிய புரெவி, மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கி வலுவிழந்து அங்கேயே நின்றுவிட்டது. "புயல் போயிட்டுது" என்று நினைத்த வடக்குக்கு மழை ஓயவில்லை.

மூன்றிலும் நமக்கு அடித்தது காற்றின் வேகத்தைவிட, நகர்வின் மெதுவும் அதனால் நீண்ட மழையும்தான். ஆகவே படத்தில் தேட வேண்டியது, அடுத்தடுத்த நாட்களில் சுழி எவ்வளவு தூரம் நகர்கிறது, மழைப்பட்டை அதன் எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்பவற்றை. அதற்காகக் காற்றை அலட்சியப்படுத்தவும் வேண்டாம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையின் வடக்கைக் கடந்தே அங்கே போனது.

அப்புறம், மொடல் மழையைச் சொல்லும், வெள்ளத்தைச் சொல்லாது. ஐப்பசித் தொடக்கத்தில் காய்ந்த நிலத்தில் விழும் 150 மி.மீ. பெரும்பகுதி சுண்ணக்கல்லுக்குள் இறங்கிவிடும். கார்த்திகைக் கடைசியில், கிணறுகள் நிரம்பி, கடல்நீரேரியும் உயர்ந்து கிடக்கும்போது அதே 150 மி.மீ. வீட்டுக்குள் வரும். உங்கள் ஒழுங்கையின் வாய்க்காலில் மதில் கட்டியிருப்பது எந்தக் கணினிக்கும் தெரியாது.

கடலுக்குப் போகிறவர்கள் இருக்கும் குழுவில் உங்கள் சொந்தக் கணிப்பைப் போடாதீர்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் கடற்பரப்புக்குத் தனிப்பகுதி உண்டு: காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாகப் பொத்துவில் வரை, புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை என்று பிரித்தே எழுதுவார்கள். திகதியோடு அதை அப்படியே போடுங்கள். வெள்ளம் ஏறிவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.