பாவித்த சப்வூஃபரைப் பெட்டியோடு விற்பதற்கு முன்

ஹட்டன், நானுஓயா மலைப்பக்கத்து மழையில் வேனின் பின்புறம் கிடந்த சப்வூஃபர் (அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர்) பெட்டியென்றால் முதலில் அடிப்பலகையைப் பாருங்கள். எம்டிஎஃப் (மரநாரை அமுக்கிச் செய்த) பலகை ஈரம் குடித்தால் ஓரம் தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட் மாதிரி ஊதிவிடும். காய்ந்தாலும் பழையபடி வராது. அப்படியானால் பெட்டிக்குக் காசு கேட்காதீர்கள், ஸ்பீக்கரை மட்டும் விற்பதே மரியாதை.

ஸ்பீக்கரைக் கழற்றி, கோனை (முன்னுள்ள கூம்பை) இரு கை விரல்களாலும் சமமாக அமுக்குங்கள். சரசரவென்று உரசினால் வொய்ஸ் கொயிலில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருளில்) கோளாறு. மல்டிமீற்றரில் 4 ஓம் கொயில் பெரும்பாலும் 3.2 முதல் 3.8 வரை காட்டும். இரட்டைக் கொயில் என்றால் தனித்தனியே அளக்க வேண்டும். ஒன்று செத்தாலும் மற்றதில் பாட்டுக் கேட்கும்.

காற்றுத் துளையில்லாத மூடிய பெட்டியென்றால், ஸ்பீக்கரைத் திரும்பப் பூட்டி அமுக்கிய கோன் மெதுவாக மேலே வரவேண்டும். சட்டென்று துள்ளினால் காற்றுக் கசிவு, அநேகமாக வயர் பூட்டும் டெர்மினல் ஓரத்தில். சிலிக்கன் பூசி ஒரு நாள் காயவிடுங்கள்.

விளம்பரத்தில் லீற்றர் கணக்கைப் போடுங்கள். உள்ளளவைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும்: 50 × 35 × 18 என்றால் 31.5. பக்கம் சரிவானால் மேல், கீழ் ஆழங்களின் சராசரியை எடுங்கள். வாட்ஸ் எழுதும்போது ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் சக்தி) அளவு மட்டும். அட்டையிலுள்ள ‘மேக்ஸ்’ வெறும் பந்தா. காந்தத்து லேபிளைக் கிட்டப் படமெடுங்கள்.

பஸ்ஸில் அனுப்புவதானால் ஸ்பீக்கரைக் கழற்றித் தனியாகக் கட்டுங்கள். கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் காந்தத்தின் பாரம் குலுங்கி, பலகையிலிருந்து ஸ்க்ரூவைப் பிய்த்துவிடும்.