மூன்று வருடக் கணக்கு: கல்லூரிப் பெண்கள் வாலிபால் கோச் ஆக விரும்புகிறவர்களுக்கு

தமிழ்நாட்டில் வாலிபால் கோச் என்று தனிப் பதவி வைத்திருக்கும் கல்லூரிகள் குறைவு. பெரும்பாலான இடங்களில் உடற்கல்வி இயக்குநர்தான், அதாவது எல்லோரும் பி.டி. என்று கூப்பிடுகிறவர்தான், அணியையும் நடத்துவார். எனவே எந்த வாசல் வழியாக உள்ளே போவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

நிரந்தர வேலை வேண்டுமென்றால் உடற்கல்விப் பட்டங்களான பி.பி.எட்., எம்.பி.எட். படிக்க வேண்டும். முதுகலையில் 55 சதவீதம், அதற்கு மேல் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி, இல்லாவிட்டால் பிஎச்.டி.; உடல்தகுதித் தேர்வும் உண்டு. 1920-இல் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ., காரைக்குடி அழகப்பா, மேலக்கோட்டையூரில் உள்ள விளையாட்டுப் பல்கலைக்கழகம் ஆகியவை இதற்குத் தெரிந்த இடங்கள். பயிற்சி மட்டும் கொடுத்தால் போதும் என்பவர்களுக்குப் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) டிப்ளமோ. ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் இருக்கிறது; ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு போனால் தொகுப்பூதிய வேலையைத் தாண்டுவது கஷ்டம். இரண்டு வழியிலும் நீங்கள் ஆடிய சான்றிதழ்களைக் கேட்பார்கள். பத்திரமாக வையுங்கள்.

வேலை கிடைத்ததும் போட வேண்டியது ஆள் கணக்கு. இளங்கலை மாணவி உங்களிடம் இருப்பது மூன்றே வருடம். 14 பேர் கொண்ட அணி என்றால் வருடத்துக்கு நான்கைந்து பேரைச் சேர்க்க வேண்டும். நல்ல பேட்ச் ஒன்று கிடைத்ததும் ஒரே வருடத்தில் ஒன்பது பேரைச் சேர்த்துவிடுவது புதிய கோச்சுகள் வழக்கமாகச் செய்யும் தவறு. மூன்றாம் வருடம் கோப்பை வரும். நான்காம் வருடம் ஆறு பேரை நிறுத்தவே ஆள் இருக்காது.

ஜூனில் அட்மிஷன் என்றால் தேடல் அதற்கு முந்தைய பள்ளிப் போட்டிகளிலேயே தொடங்க வேண்டும். குடியரசு தினப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை, விளையாட்டு விடுதிகள் எல்லாவற்றையும் சுற்றுங்கள். உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நெட் 2.24 மீட்டர், ஓடி வந்து குதிக்கும்போது அதற்கு மேல் 40 செ.மீ. விரல் எட்டினால் அடிக்கப் பழக்கிவிடலாம். கவனிக்க வேண்டியது வேறு: பந்து வருவதற்கு முன்பே கால் நகர்கிறதா, ஒரு பந்தை விட்ட பிறகு அடுத்த பந்துக்கு முகம் எப்படி இருக்கிறது. இந்த இரண்டையும் மூன்று வருடத்தில் மாற்றுவது பெரிய பாடு.

மாணவியின் வீட்டில் பேசப் போகும்போது அப்பா கேட்கும் முதல் கேள்வி, “ஆடி என்னங்க கிடைக்கும்?” என்பதாகவே இருக்கும். கட்டணச் சலுகை, விடுதி, சாப்பாடு ஆகியவற்றில் கல்லூரி எதைத் தருகிறதோ அதை எழுத்தில் கொடுங்கள். மாநில அரசு வேலைகளில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருப்பதையும், பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர்களுக்கான படிவம் 3 என்னவென்பதையும் விளக்குங்கள். வேலை வாங்கித் தருவதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள். அம்மாவின் கவலை பயணம் பற்றியது. உடன் வரும் பெண் மேலாளர் யார், எங்கே தங்குவார்கள் என்பதை அவர் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிட வேண்டும்.

பயிற்சியில் அதிக நேரத்தைத் தின்பது வரிசையில் நின்று ஸ்பைக் அடிப்பது, அதாவது குதித்து நெட்டுக்கு மேலிருந்து ஓங்கி அடிப்பது. பத்து வினாடிக்கு ஒரு பந்து என்றால் அரை மணியில் 180 பந்து. 14 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 13 கூட வராது. மீதி நேரம் அரட்டை. அதை விட்டுவிட்டு, எதிர்ப்பக்க சர்வீஸை ரிசீவ் செய்து, செட்டருக்கு (அடிப்பதற்குப் பந்தை எடுத்துக் கொடுப்பவருக்கு) கொடுத்து, அடித்து முடிக்கும்படி ஒவ்வொரு பந்தையும் தொடங்குங்கள். கல்லூரி அளவில் ஆட்டம் உடைவது ரிசீவில்தான். தினமும் தலைக்கு 40 சர்வீஸ் போடச் சொல்லி, எத்தனை வெளியே போனது, எத்தனை நெட்டில் பட்டது என்று தனித்தனியாகக் குறியுங்கள். நெட்டில் படுவது அதிகமானால் பெரும்பாலும் பந்தைத் தூக்கிப் போடுவதில் கோளாறு. கை பலத்தில் அல்ல.

ரிசீவ் தெறிக்கிறது என்று திட்டும் முன் பந்தின் காற்றைப் பாருங்கள். ஒரு சதுர செ.மீ.க்கு 0.30 முதல் 0.325 கிலோதான் இருக்க வேண்டும். கல்லாட்டம் அடித்த பந்து முன்னங்கையைச் சிவக்க வைக்கும், பிள்ளைகள் கையை இழுத்துக்கொள்வார்கள். நெட் உயரத்தை நடுவில் அளந்து பாருங்கள். ஓரங்கள் இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும், நடுவைவிட 2 செ.மீ.க்கு மேல் ஏறக்கூடாது. கயிறு தளர்ந்து நடுவில் தொங்கும் நெட்டில் பழகினவர்கள் போட்டியில் பந்தை நெட்டிலேயே அடிப்பார்கள்.

சிமெண்ட் தரையில் தினமும் குதிக்க விடாதீர்கள். மண் தரை இருந்தால் தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி அதிலேயே ஆடுங்கள். இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடிவதுதான் லிகமென்ட் கிழிவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் நேர்கிறது. வார்ம்-அப்பில் 15 நிமிடம், வாரம் மூன்று நாள், இரண்டு காலில் மெதுவாக இறங்கப் பழக்குங்கள். சேர்ந்த முதல் மாதமே ரத்தப் பரிசோதனையும் அவசியம். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கும் பெண்ணை ‘சோம்பேறி’ என்று கூடுதல் ரவுண்டு ஓட விடுவது மடத்தனம், டாக்டரிடம் அனுப்புங்கள்.

போட்டி நாளில் புள்ளியை வீணாக்குவது பொசிஷன் தாள், அதாவது யார் எந்த இடத்தில் நிற்பார் என்று எழுதிக் கொடுக்கும் தாள். செட் தொடங்கும் முன் நீங்களே எழுதி, கேப்டனைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எதிரணி சர்வீஸ் அடிக்கும் நொடியில் உங்கள் ஆட்கள் இடம் மாறி நின்றால் புள்ளி போகும். ஒரு செட்டில் ஆறு மாற்று, தலா 30 வினாடியில் இரண்டு டைம்-அவுட். அந்த 30 வினாடியில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். மூன்று சொன்னால் மூன்றும் நிற்காது.

மண்டலப் போட்டிக்குத் தகுதிப் படிவம், பத்து, பன்னிரண்டாம் வகுப்புச் சான்று, அடையாள அட்டை ஆகியவற்றை அசலாகவும் நகலாகவும் தனி உறையில் வையுங்கள். ஓ.டி. கடிதத்தை (போட்டிக்குப் போகும் நாட்களை வருகையாகக் கணக்கிடக் கோரும் கடிதம்) போவதற்கு முன்பே துறைத் தலைவர்களிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். திரும்பி வந்து கேட்டால் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய், செமஸ்டர் எழுத முடியாமல் ஒரு நல்ல பிளாக்கரை இழப்பீர்கள்.

செட்டரைப் பற்றி ஒரு விஷயம் பாக்கி. மூன்றாம் வருட செட்டர் மார்ச்சில் போய்விடுவாள். அவளுக்குப் பின் வருகிறவளை முதல் வருடத்திலேயே தேர்ந்தெடுத்து, இரண்டாம் வருடம் முழுக்க நட்புப் போட்டிகளில் ஒவ்வொரு இரண்டாவது செட்டையும் அவள் கையில் கொடுங்கள்.