இரவுச் சாம்பாருக்கு ஒரே விளக்கு போதும்

எங்கள் வீட்டில் சமையல் முடியவே இரவாகிவிடும். சமைத்ததைப் படமெடுக்க ஜன்னல் வெளிச்சத்தை நம்ப முடியாது. என்னிடம் இருப்பது ஒரே ஒரு எல்.இ.டி. விளக்கு. வாங்கும்போது வாட்ஸைவிட சி.ஆர்.ஐ. எண்ணைப் பாருங்கள்; விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது. 95க்கு மேல் இருந்தால் சாம்பாரின் மஞ்சளும் வற்றல் மிளகாயின் சிவப்பும் உள்ளபடி விழும்.

முதல் வேலை, அறையின் டியூப்லைட்டை அணைப்பது. இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் இட்லி ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள் என்றாகிவிடும். பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. விளக்கின் ஒளி நிறம் 5600 கெல்வின் என்றால், கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸையும் அதிலேயே வையுங்கள்.

தட்டைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆறு மணியில் நின்றால் விளக்கு பத்து மணியில், தட்டுக்குச் சற்று மேலே இருக்கட்டும். இந்தப் பின்பக்கவாட்டு ஒளியில்தான் தாளிப்பு எண்ணெய் மினுங்கும், கடுகு தனித்தனியாகத் தெரியும். பின்னணி இருட்டாக இருந்தால் ஆவியும் எழுந்து நிற்கும். எனக்கு அந்த ஆவிதான் உயிர்! கேமராவின் மேலிருந்து நேராக அடிக்கும் ஃபிளாஷ் இதையெல்லாம் தட்டையாக்கிவிடும், தொடவே தொடாதீர்கள்.

விளக்குக்கு முன்னால் பட்டர் பேப்பர் ஒட்டிய பெரிய சட்டம் வேண்டும். அது தட்டுக்கு நெருங்க நெருங்க நிழல் மென்மையாகும். எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் வைத்தால் இருட்டு தணியும். எவர்சில்வர் கிண்ணமானால் அங்கே கறுப்பு அட்டை வையுங்கள், விளிம்பு எடுப்பாகத் தெரியும்.