நைமேகன் நான்கு நாள் நடைக்குத் தயாராவது எப்படி?

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தின் மூன்றாம் செவ்வாய்க்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடியும் நான்கு நாள் நடையில், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொள்கின்றனர். 1909-இல் தொடங்கிய இந்நிகழ்ச்சி பந்தயம் அன்று. முதலில் வருபவருக்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. நாளொன்றுக்கு 30, 40 அல்லது 50 கிலோமீட்டர் எனத் தமக்குரிய தூரத்தை நான்கு நாளும் குறித்த நேரத்துக்குள் நடந்து முடித்தவருக்கே சிலுவை வடிவப் பதக்கம் கிடைக்கும்.

பதிவு ஆண்டின் தொடக்க மாதங்களில் நடைபெறும். இடங்களை விட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் நடத்தப்படும். இடம் உறுதியானதும் தங்குமிடத்தைத் தேடிவிடுங்கள். அதே வாரத்தில் நகரில் பெரும் கோடை விழாவும் நடப்பதால் விடுதிகள் விரைவில் நிரம்பிவிடும். அறை விழாத் திடல்களிலிருந்து தள்ளி இருப்பது நல்லது. 50 கிலோமீட்டர் நடப்போர் விடியுமுன்பே புறப்பட வேண்டியிருக்க, இசையோ நள்ளிரவைத் தாண்டியும் ஓயாது.

பயிற்சியைக் குளிர்காலத்திலேயே தொடங்குங்கள். ஒரே நாளில் நெடுந்தூரம் நடந்துவிட்டு ஒரு வாரம் ஓய்வெடுப்பதை விட, சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து 25, 30 கிலோமீட்டர் நடப்பதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் இந்நடையின் உண்மையான கடினம் தூரத்தில் இல்லை, முந்தைய நாள் நடந்து களைத்த கால்களோடு மறுநாள் அதிகாலையில் மீண்டும் எழுந்து நிற்பதில்தான் இருக்கிறது. நடக்க நடக்கப் பாதம் வீங்கும் என்பதால் காலணி சற்றுப் பெரிதாக இருக்கட்டும். பருத்திக் காலுறை வியர்வையைத் தேக்கித் தோலை ஊறவைக்கும். கம்பளி அல்லது செயற்கை இழைக் காலுறையே ஏற்றது. நிகழ்ச்சிக்கென்று புதிதாக எதையும் அணிய வேண்டாம்.

பாதத்தில் ஓரிடம் சூடாக உறுத்தத் தொடங்கினால், அடுத்த நிறுத்தம் வரட்டும் என்று காத்திராமல் உடனே அமர்ந்து, காலைத் துடைத்து உலர்த்தி ஒட்டுநாடா இடுங்கள். கொப்புளம் எழுந்துவிட்டால் அதன் தோலை உரிக்காதீர்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் முகாம்களில் காட்டுங்கள். அங்குள்ள தொண்டர்கள் இதில் தேர்ந்தவர்கள்.

வெயிலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2006-இல் கடும் வெப்பத்தில் முதல் நாளே இருவர் உயிரிழக்க, மீதி நாட்கள் கைவிடப்பட்டன. 2022-இலும் வெப்பத்தால் முதல் நாள் நடை ரத்து செய்யப்பட்டது. தொப்பி அணிந்து அவ்வப்போது நீர் அருந்துங்கள். வெறும் நீரை மட்டும் அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரக்கூடும் என்பதால் உப்புள்ள தின்பண்டமோ உப்புச்சர்க்கரைக் கரைசலோ கையில் இருக்கட்டும்.

கூட்டத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஊர்தோறும் மக்கள் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து ஆரவாரம் செய்வார்கள். வாத்தியக் குழுக்கள் முழங்கும். குழந்தைகள் கை நீட்டிக் காத்திருப்பார்கள், வெள்ளரித் துண்டுகளை நீட்டுவார்கள். அந்த அன்பு உண்மையானது, தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் முதல் நாள் வால் ஆற்றைக் கடந்து எல்ஸ்ட் ஊருக்குள் நுழையும்போது அந்த உற்சாகத்தில் தம்மை அறியாமல் வேகம் கூட்டுவோர் பலர். அதன் விலையை வியாழனன்று தருவார்கள். ஊருக்குள்ளும் வயல்வெளியிலும் ஒரே வேகம் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். புதன்கிழமை, பாலினச் சிறுபான்மையினரைக் கொண்டாடும் இளஞ்சிவப்பு நாள். விரும்பினால் நீங்களும் அந்நிறம் அணியலாம்.

வியாழனன்று ஃக்ரூஸ்பேக் என்ற ஊர் வழியாக ஏழு குன்றுச் சாலையில் ஏறி இறங்க வேண்டும். தட்டையான நாட்டில் பழகியவர்க்கு ஏற்றத்தை விட இறக்கமே முழங்காலை வருத்தும், அடிகளைச் சிறிதாக்குங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த வீரர்கள் உறங்கும் கனடியக் கல்லறை இவ்வழியில்தான் உள்ளது. அங்கே சில நிமிடம் நிற்க நேரம் ஒதுக்குங்கள்.

வெள்ளியன்று கைக் என்ற ஊர் அருகே ராணுவத்தினர் அமைக்கும் மிதவைப் பாலத்தில் மாஸ் ஆற்றைக் கடந்தபின், கடைசிச் சில கிலோமீட்டர் தூரமும் மக்கள் வெள்ளம்தான். அந்நாளில் ‘வியா கிளாடியோலா’ என்றே பெயர் மாறும் சாலையில் நடப்போர் கையில் கிளாடியோலஸ் மலர்களைக் கொடுப்பார்கள். உறவினர் எவரேனும் அங்கு வருவதாக இருந்தால், சாலையின் எப்பக்கம், எந்தக் கட்டடத்தருகே நிற்பார் என்பதை முந்தைய இரவே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சந்தித்தபின் நெடுநேரம் நின்றுவிடாமல் முடிவிடத்துக்குச் சென்று வருகையைப் பதிவு செய்துவிடுங்கள்.