பெயரை நம்பிக் கப்பல் ஏறாதீர்கள்: குடியேறிகள் கப்பலின் வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவர் தம் கட்டுரையைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். 1838இல் கல்கத்தாவிலிருந்து தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற ஹெஸ்பெரஸ் என்ற பாய்மரக் கப்பலைப் பற்றியது. நல்ல உழைப்பு. ஆனால் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே படம். மூன்று பாய்மரங்கள், ஒடுங்கி நீண்ட உடல், அடுக்கடுக்காய்ப் பாய்கள். பத்தாண்டுகளுக்கும் முன்னால் நான் ஒரு சிறு நூலின் அட்டையில் போட்டு அவமானப்பட்ட அதே கப்பல்.

இருபது ஆண்டுகளாக இந்தக் கப்பல்களின் பின்னால் அலைகிறேன். புதிதாக எழுத வருகிறவர்கள் நான் விழுந்த குழிகளிலேயே வரிசையாக வந்து விழுகிறார்கள். அடிக்குறிப்பு விடுபடுவது, ஊர்ப்பெயர் பிழைபடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை எந்தப் பதிப்பாசிரியரும் திருத்திவிடுவார். எழுதியவர் கண்ணுக்குக் கடைசிவரை சரியாகவே தெரியும் தவறுகள் சில உண்டு. அவற்றைப் பற்றித்தான் என் கவலை.

பெயர் ஒன்றானால் கப்பலும் ஒன்று என்று நினைப்பது

2013 மே 5ஆம் தேதி கயானாவில் இந்தியர்கள் கால் வைத்து 175 ஆண்டுகள் நிறைந்தன. கயானா வம்சாவளிக் குடும்பம் ஒன்று அதையொட்டிச் சிறு நூல் ஒன்று கொண்டுவர விரும்பியது. கப்பல்களைப் பற்றிய பகுதி என் பொறுப்பு. கதை பலருக்கும் தெரிந்ததுதான். அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் கிடைக்காதே என்று அஞ்சிய ஜான் கிளாட்ஸ்டன் (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை), 1836இல் கல்கத்தாவிலிருந்த கில்லாண்டர்ஸ் அர்பத்நாட் கம்பெனிக்குக் கடிதம் எழுதி ஆள் கேட்டார். அதன் விளைவாகப் புறப்பட்டவை இரண்டு கப்பல்கள். விட்பி 1838 ஜனவரி 13 அன்று 249 பேருடன் கிளம்பியது. ஹெஸ்பெரஸ் ஜனவரி 29 அன்று 165 பேருடன் கிளம்பியது. பதினாறு நாள் பிந்திப் புறப்பட்டும் ஹெஸ்பெரஸ் அதே மே 5ஆம் தேதி போய்ச் சேர்ந்துவிட்டது.

இதுவரை சரியாகவே எழுதியிருந்தேன். அடுத்து, கப்பல் எப்படி இருந்தது என்று ஒரு பத்தி வேண்டும். ஹெஸ்பெரஸ் என்று தேடினேன். அழகான படம் ஒன்று கிடைத்தது. அதனோடு நீள அகலங்களும் கிடைத்தன. 1,700 டன்னுக்கு மேல். எடுத்துக்கொண்டேன்.

அந்த ஹெஸ்பெரஸ் 1873இல் ஸ்காட்லாந்தின் கிரீனக்கில் ராபர்ட் ஸ்டீல் கம்பெனி கட்டிய இரும்புக் கப்பல். இங்கிலாந்திலிருந்து மெல்பர்னுக்கு ஓடியது. நான் எழுதிக்கொண்டிருந்த பயணம் முடிந்து 35 ஆண்டுகள் கழித்துப் பிறந்தது.

இன்றும் எரிச்சலூட்டுவது படத்தை மாற்றிப் போட்டதுகூட அல்ல. எழுதும்போதே மனம் ஒருமுறை இடறியது. இவ்வளவு பெரிய கப்பலில் 165 பேர்தானா? ஆளுக்குப் பத்து டன் வருகிறதே! அந்தக் கேள்வி வந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதற்கு ஒரு விளக்கம் எழுதினேன். “பிற்காலக் கப்பல்களைப் போல நெரிசல் இல்லாமல், முதல் பயணத்தில் தொழிலாளர்களுக்குத் தாராளமாக இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.” இதுதான் நான் எழுதிய வாக்கியம். வழியிலேயே ஆட்கள் செத்துக் கடலில் போடப்பட்ட பயணம் அது. கீழ்த்தளத்தில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு நான் உட்கார்ந்த இடத்திலிருந்து மாளிகை கட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஐந்நூறு பிரதிகள் அச்சாகின. வெளியீட்டு நாளன்று வணிகக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நூலை வாங்கி, உள்ளே புரட்டாமல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, பருமல் என்று நம் கடலோடிகள் சொல்லும் குறுக்குக் கழிகளை விரலால் எண்ணிக் காட்டினார். “தம்பி, கீழ்ப்பாய்க்கு மேலே இருக்கிற இந்தப் பெரிய பாய் இரண்டாகப் பிரிந்திருக்கிறது பாருங்கள். 1838இல் அது ஒரே பாயாகத்தானே இருந்திருக்கும்?” அவர் சொன்னது சரி. மேல்பாயை இரண்டாகப் பிரித்துக் கட்டும் பழக்கம் 1850களுக்குப் பிறகே பரவியது. அந்தப் பெரும்பாயை ஒரே துணியாக வைத்துச் சுருட்டப் புயலில் நிறைய ஆள் வேண்டும். பிரித்துவிட்டால் சிலரே போதும். படத்தில் அது பட்டப்பகல் போலத் தெரிந்தது. நான் நூறு முறை பார்த்த படம்.

அன்றிரவே உட்கார்ந்து ஐந்நூறு அட்டைகளுக்கும் மேலே ஒட்டத் தாள் வெட்டினோம். உள்ளே இருந்த அந்த வாக்கியத்துக்கு ஒட்ட எதுவும் இல்லை.

மாணவரின் கட்டுரை என்னுடையதைவிட ஒரு படி மேலே போயிருந்தது. கப்பல் அமெரிக்கக் கரையில் பாறையில் மோதி அழிந்ததாக முடித்திருந்தார். அது அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோவின் கவிதையில் மூழ்கும் ஹெஸ்பெரஸ்; ஸ்கூனர் என்ற சிறிய பாய்மரக் கப்பல். ஆக ஒரு கட்டுரைக்குள் மூன்று கப்பல்கள். ஹெஸ்பெரஸ் என்றால் அந்தி வெள்ளி. கடலோடிகளுக்குப் பிடித்த பெயர். யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் வைக்கக்கூடாது என்று அன்று தடை ஏதும் இல்லை.

சரி, எப்படிப் பிரித்தறிவது? லாயிட்ஸ் ரெஜிஸ்டர் என்ற ஆண்டுப் பதிவேட்டை எடுங்கள். பயணம் நடந்த ஆண்டின் புத்தகத்தையே எடுக்க வேண்டும். கைக்குக் கிடைத்த வேறொரு ஆண்டு உதவாது. ஒரு கப்பலுக்கு ஒரு வரி. இடமிருந்து வலமாகப் பெயர், வகை, கப்பல் தலைவர், டன், கட்டிய ஊர், கட்டிய ஆண்டு, உரிமையாளர், பதிவுத் துறைமுகம், போகவிருக்கும் பயணம், தரம் என்று ஓடும். அடியில் பொடி எழுத்தில் செப்புத் தகடு அடித்த விவரமும் பழுது பார்த்த ஆண்டும் இருக்கும். ஒரே பெயரில் ஐந்தாறு வரிகள் இருந்தால் திகைக்க வேண்டாம். தலைவர் பெயரும், டன்னும், கட்டிய ஊரும் மூன்றும் உங்கள் ஆவணத்தோடு பொருந்தும் வரிதான் உங்கள் கப்பல். தலைவர் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. அவர்கள் கப்பல் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

1855க்குப் பிந்திய பிரிட்டிஷ் கப்பல் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. 1854ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் அரசு எண்ணைக் கொடுத்தது. முதன்மை உத்தரத்தில் செதுக்கப்பட்ட அந்த எண், பெயர் மாறினாலும் உரிமையாளர் மாறினாலும் மாறாது. உங்கள் குறிப்பேட்டின் முதல் வரியில் அதை எழுதிவைத்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

இதே தவறு தலைகீழாகவும் வரும். பெயர் வேறானால் கப்பலும் வேறு என்று விட்டுவிடுவார்கள். 1836 டிசம்பர் 28 அன்று ஆளுநர் ஹைண்ட்மார்ஷையும் குடியேறிகளையும் தெற்கு ஆஸ்திரேலியாவில் இறக்கிய பஃபலோ கப்பலை எல்லாரும் ஆங்கிலேயக் கப்பல் என்றே எழுதுகிறார்கள். அது 1813இல் கல்கத்தாவில் ஹிந்தோஸ்தான் என்ற பெயரில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் கடற்படை வாங்கிப் பெயர் மாற்றியது. அதே கப்பல்தான் 1833இல் பெண் கைதிகளைச் சிட்னிக்குக் கொண்டுபோனது. 1840இல் கனடாவின் கிளர்ச்சிக்காரர்களை நாடு கடத்தி ஹோபார்ட்டிலும் சிட்னியிலும் இறக்கியது. அந்த ஆண்டு ஜூலையிலேயே நியூசிலாந்தின் மெர்க்குரி விரிகுடாவில் கரை தட்டி உடைந்தது. பஃபலோ என்ற பெயரை மட்டும் தேடினால் கல்கத்தா கையைவிட்டுப் போய்விடும்.

சிட்டி ஆஃப் அடிலெய்டு இன்னொன்று. 1864இல் சண்டர்லாந்தில் கட்டியது; இரும்புச் சட்டம், மரப்பலகை. லண்டனுக்கும் அடிலெய்டுக்கும் இடையே ஆண்டுக்கு ஒரு நடையாகக் குடியேறிகளை ஏற்றிச் சென்று, பிறகு சவுதாம்ப்டனில் தொற்றுநோய் மருத்துவமனையாக நின்றது. 1923இல் கடற்படை வாங்கியபோது கேரிக் என்று பெயர் மாற்றியது. ஆஸ்திரேலியாவிடம் அடிலெய்டு என்ற போர்க்கப்பல் ஏற்கெனவே இருந்ததுதான் காரணம். 1991இல் கிளாஸ்கோவில் மூழ்கியதும் கேரிக் என்ற பெயரில்தான். மீட்கப்பட்டு, 2014இல் போர்ட் அடிலெய்டு போய்ச் சேர்ந்தபோது பழைய பெயர் திரும்பியிருந்தது. பெயர் மாறிய அந்தக் கப்பலின் இரண்டாம் பாதியைத் தனிக் கப்பலாக எண்ணிக் கட்டுரை எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

டன் என்பது எடை அன்று

கொள்ளளவு. 1854 சட்டப்படி 100 கன அடி ஒரு டன். அதற்கு முன் கணக்கே வேறு.

சூயஸ் கால்வாயை முன்கூட்டியே வெட்டிவிடுவது

திறந்தது 1869இல். திறந்த பிறகும் பாய்மரக் கப்பல்கள் அதை நாடவில்லை. வரைபடத்தில் கோடு போடுமுன் காற்றைக் கேளுங்கள்.

“ஷிப்” என்ற சொல்லைப் பொதுச்சொல்லாக எடுத்துக்கொள்வது

நமக்கு எல்லாமே கப்பல். அன்றைய பதிவேட்டில் “ஷிப்” என்றால் மூன்று பாய்மரங்களிலும் குறுக்குப் பாய் கட்டியது. பின் பாய்மரத்தில் மட்டும் கப்பலின் நீளவாக்கில் கட்டும் நெடும்பாய் இருந்தால் அது “பார்க்”. செலவைக் குறைக்க ஷிப்பைப் பார்க்காக மாற்றிக் கட்டுவது சாதாரணம். பார்க்குக்கு ஆள் குறைவாகப் போதும். ஆகவே பத்தாண்டு இடைவெளியில் வகை மாறியிருந்தால் உடனே “இது வேறு கப்பல்” என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். மேலே சொன்னதைப் படித்துவிட்டு அந்தப் பக்கமாக அளவுக்கு மீறிச் சாய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆள் கணக்கைத் தலைக் கணக்கு என்று நினைப்பது

ஒரே பயணத்துக்கு இரண்டு ஆவணங்கள் இரண்டு எண்ணிக்கை சொன்னால், ஒன்று பொய் என்று முடிவு கட்டுவது ஆரம்பநிலையாளரின் வழக்கம். பல நேரங்களில் இரண்டுமே உண்மை. 1855ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பயணிகள் சட்டத்தில் “சட்டப்படி ஓர் ஆள்” என்றொரு அலகு உண்டு. பன்னிரண்டு வயது நிறைந்தவர் ஓர் ஆள். ஒரு வயதுக்கு மேல் பன்னிரண்டுக்குள் இருப்பவர்கள் இருவர் சேர்ந்தால் ஓர் ஆள். ஒரு வயது நிரம்பாத குழந்தை கணக்கிலேயே இல்லை. கணவன், மனைவி, ஏழு வயதிலும் நான்கு வயதிலும் பிள்ளைகள், ஆறு மாதக் கைக்குழந்தை என்று ஒரு குடும்பம் ஏறினால் தலை ஐந்து, ஆள் மூன்று. உணவுப் பங்கீடும் படுக்கை இடமும் அந்த மூன்றை வைத்துத்தான். எந்த எண் எந்தக் கணக்கு என்று தெரியாமல் சாவு விகிதம் போட்டுவிடாதீர்கள். ஆள் கணக்கைக் கீழே போட்டுத் தலைக் கணக்கில் செத்தவர்களை மேலே போட்டால் கப்பல் இடுகாடாகிவிடும்.

மருத்துவர் அறிக்கையை வேதவாக்காகக் கொள்வது

தொழிலாளர் கப்பல்களில் மருத்துவருக்கு உயிரோடு இறக்கிய தலைக்கு இவ்வளவு என்று பணம். அதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சேர்ந்த நாளோடு கதையை முடிப்பது

நங்கூரம் போட்ட நாள் ஒன்று, கரையில் கால் வைத்த நாள் இன்னொன்று. 1879 மார்ச் 3 அன்று கல்கத்தாவை விட்ட லியோனிடாஸ் கப்பல், மே 14 அன்று ஃபிஜியின் லெவுகா முன் வந்து நின்றது. கப்பலில் காலராவும் அம்மையும் இருந்ததால் யாரையும் ஊருக்குள் விடவில்லை. யனுசா லைலாய் என்ற சின்னத் தீவில் ஒதுக்கி வைத்தார்கள். சாவு அங்கேயும் தொடர்ந்தது. மே 14ஆம் தேதியோடு கணக்கை மூடுகிறவர்கள் தீவில் இறந்தவர்களை எந்த ஏட்டிலும் சேர்ப்பதில்லை.

புறப்பாட்டிலும் இதே குழப்பம். கல்கத்தாவில் கப்பல் துறையை விட்ட நாளும் ஹூக்ளியில் இறங்கிக் கடலைத் தொட்ட நாளும் வேறு வேறு. இடையில் சில நாள்கள் போய்விடும். சென்னையில் நிலைமை இன்னும் மோசம். 1860இல் ட்ரூரோ கப்பலில் 342 பேர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டபோது இங்கே துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் அலைகளுக்கு அப்பால் நிற்கும். ஆட்களை மசூலா படகில் ஏற்றி, மூன்று நான்கு அலைவரிசை தாண்டிக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். கடல் கொந்தளித்தால் அன்று படகு போகாது. “மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல் மேடையிலிருந்து ஏறினார்கள்” என்று மாணவர் இன்னொரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். அதையும் அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.