மில்க் ஸ்நேக் குட்டிக்குப் பெட்டி, சூடு, முதல் இரை

ஹோண்டுரான் மில்க் ஸ்நேக் (வீட்டில் வளர்க்கப்படும் விஷமில்லாத பாம்பு) குட்டி ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்றால், முதலில் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் வீட்டில் வளர்க்க முடியாது, ஹவாயிலும் அப்படித்தான். அனுமதி உண்டு என்றால் மேலே படியுங்கள்.

பெரிய கண்ணாடித் தொட்டி இப்போது வேண்டாம். பென்சில் தடிமனே இருக்கும் குட்டிக்கு விரிந்த இடம் என்றாலே பயம், பயந்த குட்டி இரை எடுக்காது. 6 லிட்டர் அளவுள்ள, மூடியில் கிளிப் வைத்த பிளாஸ்டிக் டப்பா போதும். பக்கவாட்டில் சூட்டுக்கோலால் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, உள்பக்கப் பிசிறைத் தேய்த்துவிடுங்கள். தலை நுழைகிற இடத்தில் உடம்பு முழுக்க நுழைந்துவிடும், அதனால் மூடி ஓரத்தில் இடைவெளி இருக்கிறதா என்று நான்கு மூலையையும் அழுத்திப் பார்க்க வேண்டும்.

தரைக்கு ஆஸ்பென் மரச்சீவல்தான் என் தேர்வு, குட்டி அதற்குள் சுரங்கம் போட்டுக்கொண்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டிப் படுத்திருக்கும். தேவதாரு, பைன் சீவல் கூடவே கூடாது, அவற்றின் நெடி பாம்புக்கு ஆகாது. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு மறைவிடம், கவிழாத தண்ணீர்க் கிண்ணம், அவ்வளவுதான்.

சூடு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். டப்பாவின் அடியில் மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), அதோடு கட்டாயம் தெர்மோஸ்டாட் (சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் கருவி). சூடான பக்கம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 22 முதல் 24. குட்டி சீவலைத் தோண்டிக்கொண்டு டப்பாவின் அடித்தரையிலேயே போய்ப் படுக்கும் என்பதால், சீவலுக்கு மேலே அளந்து பயனில்லை, தரையில்தான் அளக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டின் சென்சாரை ஹீட் மேட்டுக்கும் டப்பாவுக்கும் நடுவில் வைத்து டேப் ஒட்டிவிடுங்கள். உள்ளே வைத்தால் பாம்பு அதை நகர்த்திவிடும், அப்புறம் மேட் தன்பாட்டுக்குச் சூடேறும்.

இனி இரை. பலரும் திணறுவது இங்கேதான். காட்டில் இதன் குட்டிகள் பெரும்பாலும் சின்னப் பல்லி, அரணைகளைத் தின்று வளர்பவை. அதனால் ரோமம் முளைக்காத எலிக்குஞ்சை, அதாவது பிங்கியை, சில குட்டிகள் இரையாகவே மதிப்பதில்லை. வந்து ஒரு வாரம் தொடாமல் விடுங்கள். பிறகு உறைந்த பிங்கியை ஜிப் கவரில் போட்டு வெந்நீரில் இளக வையுங்கள் (மைக்ரோவேவ் வேண்டாம், வெடித்துவிடும்). இடுக்கியால் முகத்துக்கு நேரே ஆட்டினால் பல குட்டிகள் வாலைக் கிர்ரென்று அதிர வைத்து ஓடி ஒளியும். மறைவிட வாசலில் வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுங்கள்.

காலையிலும் அப்படியே கிடந்தால், அடுத்த வாரம் ஓட்டை போட்ட சின்ன மூடிக் கிண்ணத்தில் குட்டியையும் பிங்கியையும் சேர்த்து வைத்து, அந்தக் கிண்ணத்தை டப்பாவின் சூடான பக்கத்தில் ராத்திரி முழுக்க விடுங்கள். இடம் குறுகினால் தைரியம் வரும், எனக்கு அதிகம் கைகொடுத்த வழி இதுதான். அதற்கும் மசியவில்லையா, வளர்ப்புப் பல்லி உரித்த தோலை நனைத்து பிங்கியின் மேல் தேய்த்துக் கொடுங்கள். காட்டுப் பல்லியைப் பிடித்து வராதீர்கள், ஒட்டுண்ணியும் கூடவே வரும். ஒருமுறை தின்னப் பழகிவிட்டால் 5 முதல் 7 நாளுக்கு ஒன்று கொடுக்கலாம். தின்றபின் 48 மணிநேரம் கையில் எடுக்க வேண்டாம், கக்கிவிடும்.

கண் நீலம் பூத்து மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது, அப்போது பட்டினி கிடப்பது இயல்பு. ஈரப் பாசி (மாஸ்) வைத்த, குட்டி நுழைய ஓட்டை உள்ள மூடிய கிண்ணம் ஒன்றை உள்ளே வையுங்கள், சட்டை முழுசாகக் கழன்று வரும். சமையலறைத் தராசு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி வாராவாரம் எடை பாருங்கள். பட்டினியோடு எடையும் இறங்கினால் காத்திருக்காமல் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

பின்சேர்க்கை: இரண்டு குட்டிகளை ஒரே டப்பாவில் வைக்கலாமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஒரு ராத்திரிக்குக்கூட வேண்டாம். இது மற்றப் பாம்புகளையும் விழுங்கும் இனம், கூடப் பிறந்ததையும் விடாது.